சோக் போட்டால் மட்டும் ஓடிய புல்வெட்டி வண்டி

“அண்ணே, சோக்கைப் பாதி இழுத்து வச்சா நல்லா ஓடுது. முழுசா உள்ள தள்ளினா ஏறி ஏறி இறங்குது. பிளேடைப் போட்டு ஓட்டினா கொஞ்ச நேரத்துல படுத்துடுது.”

ஏப்ரல் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை நண்பர் போனில் சொன்னது இவ்வளவுதான். மூன்றே வாக்கியம். முதல் இரண்டையும் நன்றாகக் கேட்டுக்கொண்டேன். மூன்றாவதைக் காதில் வாங்கவில்லை. ஒரே நாளில் முடிந்திருக்க வேண்டிய வேலை இரண்டு வாரம் இழுத்ததற்கு அதுதான் காரணம்.

நண்பர் இருப்பது அமெரிக்காவின் வட கரோலினாவில், ராலே நகருக்கு மேற்கே சாத்தம் கவுன்டியில். ஒன்றரை ஏக்கர் மனை. பழைய உரிமையாளர் வீட்டோடு சேர்த்து விட்டுப்போன வண்டி இது. அந்தப் பக்கத்து வீடுகளில் ஃபெஸ்க்யூ என்ற புல்லை நிறையப் பார்க்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் அதற்கு வெறி பிடித்துவிடும். இரண்டு வாரம் விட்டால் கணுக்காலை மூடும். தள்ளிக்கொண்டு போகும் சின்னப் புல்வெட்டியால் ஒன்றரை ஏக்கரை முடிப்பதற்குள் விடுமுறை முடிந்துபோகும். உட்கார்ந்து ஓட்டும் வண்டி அங்கே ஆடம்பரம் இல்லை, நம்மூரில் கிணற்று மோட்டார் மாதிரி.

வண்டி 2013 மாடல். பிளேடுகளை மூடியிருக்கும் டெக்கின் அகலம் 42 அங்குலம், அதற்குள் இரண்டு பிளேடு. எஞ்சின் ஒற்றை சிலிண்டர், சுமார் 500 சிசி, 17.5 குதிரைத்திறன், காற்றால் குளிர்வது. அளவில் ஒரு 500 சிசி புல்லட்டின் எஞ்சினைப் படுக்கப் போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். கிராங்க் ஷாஃப்ட் செங்குத்தாக நிற்கும், சிலிண்டர் படுத்திருக்கும். பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னால். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் முன்னால், டேங்கைவிட உயரத்தில். ஆகவே பெட்ரோல் தானாக இறங்கி வராது, ஒரு சின்ன பம்ப் தள்ளித்தர வேண்டும். இந்தக் கடைசி விவரம் பிற்பாடு முக்கியமாகும்.

நான் தொழில்முறை மெக்கானிக் இல்லை. சின்ன எஞ்சின்களைப் பிரித்துப் பார்ப்பது பொழுதுபோக்கு. தெரிந்தவர்கள் வீட்டு வண்டிகள் வருடத்துக்கு ஐந்தாறு கையில் வரும்.

நான் போவதற்கு முன் நடந்தவை

நண்பரும் சும்மா இருக்கவில்லை. பிளக் மாற்றியிருந்தார். ஏர் ஃபில்டர் மாற்றியிருந்தார். டேங்கில் போன அக்டோபரிலிருந்து கிடந்த பெட்ரோலின்மேலேயே புதுப் பெட்ரோலை ஊற்றி நிரப்பியிருந்தார். சரியாகவில்லை என்றதும் இணையத்தில் மலிவாகக் கிடைத்த ஒரு புது கார்புரேட்டரை வாங்கி மாட்டியிருந்தார். அதற்கும் சரியாகவில்லை. கடைசியாக, எங்கோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, எஞ்சின் வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும் கவர்னரின் ஸ்பிரிங்கை இழுத்து வேறு துளையில் கொக்கி போட்டிருந்தார்.

முதல் நான்கும் காசு விரயம், அவ்வளவுதான். ஐந்தாவது ஆபத்து. என்னிடம் பிளக் வயரில் சுற்றிக் கட்டும் ஒரு சின்ன டாக்கோமீட்டர் உண்டு. பாதி சோக்கில் எஞ்சினை முழு வேகத்தில் வைத்துப் பார்த்தபோது நிமிடத்துக்கு 3,900 சுற்று காட்டியது. இந்த எஞ்சின் 3,300 சுற்றில் ஓட வேண்டியது. பிளேடு முனையின் வேகம் நிமிடத்துக்கு 19,000 அடியைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்காவில் ஒரு தரநிலை இருக்கிறது. அதுவே மணிக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர். கவர்னரை முறுக்கிவிட்டால் அந்த எல்லையை எங்கேயோ தாண்டிப் போய்விடும். பிளேடு ஒரு கல்லைத் தட்டினால் அது தோட்டா. எஞ்சினுக்குள் கனெக்டிங் ராடும் அந்த வேகத்தை ரொம்ப நாள் தாங்காது. மற்றதெல்லாம் அப்புறம் என்று முதலில் ஸ்பிரிங்கைப் பழைய துளைக்கே மாற்றினேன்.

ஏறி இறங்குவது என்றால் என்ன

சோக்கை உள்ளே தள்ளினோம். எஞ்சின் பாடத் தொடங்கியது. ஊ...ம், ஊ...ம் என்று ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். தாளம் தப்பாது. வினாடிக்கு ஒன்று என்று கடிகாரம் வைத்து எண்ணலாம். கிணற்றடி ஆயில் எஞ்சினோடு பழகியவர்கள் இதை ‘ஹன்டிங் அடிக்குது’ என்பார்கள்.

அந்தத் தாளமே ஒரு தகவல். பிளக்கோ, அதற்கு மின்சாரம் தரும் காயிலோ கெட்டால் எஞ்சின் தாறுமாறாகத் தவறும், ஒழுங்காக ஏறி இறங்காது. ஒழுங்காக ஏறி இறங்குகிறது என்றால் அங்கே கவர்னர் வேலை செய்துகொண்டிருக்கிறது. இந்த வண்டிகளில் நாம் தள்ளும் வேக நெம்புகோல், எஞ்சினுக்குள் போகும் கலவையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை நேராக இழுப்பதில்லை. ஒரு ஸ்பிரிங்கைத்தான் இழுக்கிறது. ஸ்பிரிங் த்ராட்டிலைத் திறக்கப் பார்க்கும், எஞ்சினுக்குள் சுழலும் கவர்னர் எடைகள் அதை மூடப் பார்க்கும். இரண்டும் சமமாகிற இடத்தில் வேகம் நிற்கும். கலவையில் பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் தளரும். தளர்ந்தவுடன் கவர்னர் த்ராட்டிலைத் திறக்கும். அந்த இழுப்பில் கொஞ்சம் பெட்ரோல் வந்து எஞ்சின் ஏறும். ஏறியதும் கவர்னர் மூடும். மூடியதும் மறுபடி பட்டினி. கவர்னர் தன் கடமையைத்தான் செய்கிறது. நண்பர் குற்றவாளியை விட்டுவிட்டுக் காவல்காரனைப் பிடித்திருக்கிறார்.

இதை உறுதிசெய்ய எளிய வழி உண்டு. விசிறி, பெல்ட் பக்கம் கை போகாமல், த்ராட்டில் கம்பியை விரலால் ஒரே இடத்தில் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏற்ற இறக்கம் நின்று எஞ்சின் சீராகிவிட்டால் கவர்னர் பக்கம் சந்தேகம். பிடித்தபிறகும் தடுமாறினால் கலவையில்தான் கோளாறு. எங்கள் வண்டி பிடித்தபிறகும் தடுமாறியது.

அடுத்தது சோக். பாதி இழுத்தால் சீராக ஓடுகிறது. சோக் என்பது காற்றுக்குப் போடும் தடுப்பு. காற்றைக் குறைத்ததும் எஞ்சின் நிம்மதியடைகிறது என்றால், அதற்குக் கிடைக்கும் பெட்ரோல் காற்றுக்குப் போதவில்லை என்று அர்த்தம். இதற்கு மேல் சோக் எதையும் சொல்லாது. பெட்ரோல் வழியில் அடைப்பா, பெட்ரோலே வந்து சேரவில்லையா, வரக் கூடாத இடத்தில் காற்று புகுகிறதா என்று நாம்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘சோக் போட்டால் ஓடுகிறது, ஆகவே கார்புரேட்டர் போச்சு’ என்று சொல்வது, காய்ச்சல் அடிக்கிறது, ஆகவே மலேரியா என்று சொல்வது போல. பெரும்பாலான நேரம் சரியாகவும் இருந்துவிடும், அதுதான் சிக்கல்.

ஜாடியில் வந்த இரண்டு அடுக்கு

பெட்ரோலை ஒரு கண்ணாடி ஜாடியில் பிடித்தோம். பத்து நிமிடம் அசையாமல் வைத்தபோது அடியில் ஒரு விரல்கடை உயரத்துக்குத் தனி அடுக்காகப் பிரிந்து நின்றது. மேலே இருந்தது லேசாகக் கலங்கியிருந்தது. வாசனை பெட்ரோல் வாசனையே இல்லை, பழைய வார்னிஷ்.

அமெரிக்காவில் சாதாரணமாக விற்கும் பெட்ரோலில் 10 விழுக்காடுவரை எத்தனால் இருக்கும். எத்தனால் தண்ணீரோடு சேர்வது. ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 5 மில்லி, அதாவது ஒரு டீஸ்பூன் தண்ணீர்வரை அந்தக் கலவை தாங்கிக்கொள்ளும். அதைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். எஞ்சினுக்குப் போகும் குழாய் டேங்கின் அடியிலிருந்துதானே எடுக்கிறது? எஞ்சின் முதலில் குடிப்பது அந்த அடி அடுக்கைத்தான்.

தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்டால் எல்லோரும் காற்றின் ஈரப்பதம் என்பார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. இவ்வளவு தண்ணீருக்கு நேரான வழி ஒன்று இருக்கும். டேங்க் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. குளிர்காலம் முழுக்க வண்டி தார்ப்பாய் மட்டும் போட்டு வெளியில் நின்றிருக்கிறது. மழைத் தண்ணீர்தான்.

(பெட்ரோல் பங்குகளில் 15 விழுக்காடு எத்தனால் கலந்ததும் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும். 2001 மாடலிலிருந்து வந்த கார்களுக்கு அனுமதி உண்டு. புல்வெட்டியில் ஊற்றக் கூடாது என்று பம்பிலேயே ஆரஞ்சு நிறத்தில் ஒட்டியிருப்பார்கள். நண்பர் ஊற்றவில்லை. கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.)

டேங்கைக் காலி செய்து துடைத்து, புது மூடி, புது ஃபில்டர், புதுப் பெட்ரோல். ஏற்ற இறக்கம் கொஞ்சம் குறைந்தது. போகவில்லை.

பழைய கார்புரேட்டர் திரும்பி வந்தது

நண்பர் மாட்டியிருந்த புது கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தேன். குறை சொல்ல மனம் வரவில்லை, ஆனால் த்ராட்டில் கொஞ்சமாகத் திறந்திருக்கும்போது பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டின் துளை பழையதில் இருந்ததைவிடக் கண்ணுக்கே தெரிகிற அளவு சிறியது. உருவம் பொருந்தினால் போதும் என்று பல மாடல்களுக்கு ஒன்றாகச் செய்து விற்கும் சரக்கு. “பழசு எங்க தம்பி?” என்றேன். குப்பைத் தொட்டியில் இருந்தது. திங்கட்கிழமைதான் குப்பை லாரி வரும் என்பதால் தப்பித்தது.

பழைய கார்புரேட்டரில் மெயின் ஜெட் சுத்தம். பைலட் ஜெட்டில் வெளிச்சமே வரவில்லை. முழு வேகத்தில் பளு இல்லாமல் ஓடும்போது த்ராட்டில் கொஞ்சம்தான் திறந்திருக்கும். அப்போது எஞ்சின் பெரிதும் நம்பியிருப்பது இந்த மயிரிழைத் துளையைத்தான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மூன்றாம் கட்ட விதிகள் இந்த வகை எஞ்சின்களுக்கு 2011 மாடலிலிருந்து நடைமுறைக்கு வந்தன. புகைக்காக இப்படி விதிகள் இறுக இறுக, கலவையில் பெட்ரோல் முடிந்த அளவு குறைவாகவே வைக்கப்படுகிறது, திருகித் திருத்தும் ஸ்க்ரூவும் பூட்டப்பட்டிருக்கும். முன்பெல்லாம் துளை கால்வாசி அடைந்தாலும் எஞ்சின் சமாளிக்கும். இப்போது கொஞ்சம் அடைந்தாலே பாட ஆரம்பித்துவிடும்.

பல மெக்கானிக்குகள் இந்த இடத்தில் கிடைத்த ஊசியை விட்டுக் குத்துவார்கள். பித்தளை மென்மையானது. துளை பெரிதாகிவிட்டால் ஜெட்டின் கதை முடிந்தது. நான் கார்ப் கிளீனரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, மின்கம்பியிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையை மெல்ல விட்டு எடுத்து, பிறகு காற்று அடித்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் செய்ய வேண்டும். அந்த ஸ்ப்ரே ஒரு துளைக்குள் போய் எதிர்பாராத இன்னொரு துளை வழியாகச் சரியாகக் கண்ணுக்கே வரும், அனுபவம்.

பழையதைப் புது கேஸ்கெட்டுடன் மாட்டினேன். ஏற்ற இறக்கம் முக்கால்வாசி போயிற்று. கால்வாசி ஒட்டிக்கொண்டிருந்தது.

மிச்சம் இருப்பது காற்று புகுவதாக இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க எரியக்கூடிய ஸ்ப்ரேயைச் சூடான எஞ்சின்மேல் அடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்குத் துணிச்சல் இல்லை. துணி இஸ்திரி போடத் தெளிக்கும் தண்ணீர் பாட்டிலே போதும். எஞ்சின் ஓடும்போது இணைப்புகளில் ஒவ்வொன்றாகத் தெளித்துக்கொண்டே வந்தேன். கலவையை எஞ்சினுக்குக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டோடு சேரும் இடத்தில் தண்ணீர் பட்டதும் ஒரு உறிஞ்சல் சத்தம், இரண்டு வினாடிக்கு எஞ்சின் சீராகி, மறுபடி பழைய பாட்டு. கார்புரேட்டரைக் கழற்றி மாட்டிய மல்லுக்கட்டில் மேனிஃபோல்டு அசைந்து, பத்து வருடப் பழைய கேஸ்கெட் ஓரத்தில் பிளந்திருந்தது. நண்பரின் வேலையில் விளைந்த கோளாறு. அவரிடம் அப்படிச் சொல்லவில்லை.

கேஸ்கெட் மாற்றியதும் எஞ்சின் 3,300இல் ஆணி அடித்தது போல நின்றது. சோக் முழுக்க உள்ளே. வாசலில் பத்து நிமிடம் ஓடவிட்டுக் கேட்டோம். நண்பரின் மனைவி ரவா கேசரி கொடுத்தார். சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

அடுத்த ஞாயிறு

“அண்ணே, இருபது நிமிஷம் நல்லா வெட்டுச்சு. அப்புறம் இழுவையே இல்லை. சோக்கை இழுத்தா கொஞ்ச தூரம் போகுது, மறுபடி படுத்துடுது. இப்ப நடு மைதானத்துல நிக்குது.”

பிளேடைப் போட்டு ஓட்டினால் கொஞ்ச நேரத்தில் படுத்துவிடுகிறது. போன வாரமே சொன்ன அதே மூன்றாவது வாக்கியம். வாசலில், பிளேடு போடாமல், பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு நான் எதைச் சோதித்தேன்? பளு இல்லாமல் ஓடும் எஞ்சின் வேலைக்குப் போகாத ஆள் மாதிரி, அவனுக்கு உடம்பில் என்ன குறை என்று எப்படித் தெரியும்?

இந்தமுறை போனிலேயே ஒரு கேள்வி கேட்டேன். “படுக்கும்போது சட்டுனு நின்னுச்சா, இருமி இருமி நின்னுச்சா?”

“இருமி இருமித்தான்.”

சாவியைத் திருப்பி அணைத்தது போலச் சட்டென்று நின்றால் மின்சாரம்: சீட்டுக்கு அடியில் இருக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச், வயர், சூடானதும் கைவிடும் காயில். தளர்ந்து, இருமி, சோக்கை இழுத்தால் கொஞ்சம் எழுந்து, பிறகு விழுந்தால் பெட்ரோல். இது நூற்றுக்கு நூறு விதி இல்லை. சூடான காயில் சில நேரம் விட்டுவிட்டும் பொறி தரும். ஆகவே பிளக்குக்கும் வயருக்கும் நடுவே மாட்டும் சோதனை விளக்கு ஒன்றை எடுத்துப்போனேன். எஞ்சின் இருமிக்கொண்டிருந்தபோதும் விளக்கு விடாமல் மின்னியது. காயில் நிரபராதி.

டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைந்திருந்தாலும் இதே அறிகுறிதான் வரும். பெட்ரோல் குறையக் குறைய டேங்கில் வெற்றிடம் உண்டாகி, பம்ப் இழுக்க முடியாமல் தோற்கும். இருமும் நேரத்தில் மூடியைத் திறந்தோம். உஸ் என்ற சத்தமும் இல்லை, மாற்றமும் இல்லை. மூடியும் நிரபராதி.

வேறு சிலவற்றை அன்றே தள்ளிவைத்தேன். ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சின் எதிர்த்து உதைக்கவில்லை, நண்பர் மரவேர் எதன்மீதும் பிளேடை மோதவில்லை, ஆகவே ஃப்ளைவீலைத் தண்டோடு பிணைக்கும் சின்ன உலோகத் துண்டு (ஃப்ளைவீல் சாவி என்பார்கள்) வெட்டுப்பட்டிருக்க வாய்ப்புக் குறைவு. இந்த வகை எஞ்சின்களில் ஹெட் கேஸ்கெட், வால்வைத் தள்ளும் புஷ்ராடு பக்கமாகப் பிளப்பது உண்டு. அப்படியென்றால் கிராங்க் ஷாஃப்ட் சுழலும் பெட்டியான கிராங்க்கேஸுக்குள் அழுத்தம் ஏறி, எண்ணெய் புகையாக வரும். புகை இல்லை. பிளக் துளை வழியே காற்று அடித்துப் பார்த்ததில் எண்ணெய்க் குச்சித் துளையில் சீறலும் இல்லை.

ஏணியில் தொங்கிய டேங்க்

பழைய தள்ளுபுல்வெட்டி ஒன்றிலிருந்து கழற்றிய பிளாஸ்டிக் டேங்க் என்னிடம் ஒன்று இருக்கிறது. என் கருவிப் பெட்டியில் மிக மலிவான சாமான் அதுதான், மிக அதிகம் உதவியதும் அதுதான். எஞ்சினைவிட உயரமாக, சைலன்சருக்கு எதிர்ப்பக்கம், ஒரு மடிப்பு ஏணியில் அதைத் தொங்கவிட்டு, அதன் குழாயை நேராகக் கார்புரேட்டரில் மாட்டினேன். இப்போது எஞ்சின் ஓடுவது தொங்கும் டேங்கின் பெட்ரோலில், பம்பின் தயவு இல்லாமல். பம்பிலிருந்து வரும் குழாயைத் தனியாக, தள்ளி வைத்த ஒரு அளவுக் குடுவையில் விட்டேன். வெட்டவெளி, பக்கத்தில் தீயணைப்பான், குடுவை நிறையுமுன் மாற்ற நண்பரின் மகன். நண்பர் சீட்டில், பிளேடு சுழற்சியில்.

இதில் ஒரே நேரத்தில் இரண்டு கேள்விக்குப் பதில் கிடைக்கும். பம்ப் இல்லாமல் எஞ்சின் நன்றாக ஓடுகிறதா? எஞ்சின் ஓடும்போது பம்ப் எவ்வளவு தள்ளுகிறது?

குளிர்ந்த எஞ்சினில் பம்ப் நிமிடத்துக்கு 120 மில்லி தள்ளியது. தாராளம். பத்து நிமிடத்தில் 80. இருபது நிமிடத்தில் துடிப்புத் துடிப்பாக வந்துகொண்டிருந்தது சொட்டாக மாறி 30. அந்த நேரமெல்லாம் எஞ்சின் தொங்கும் டேங்கிலிருந்து குடித்துக்கொண்டு ஒரு முனகல் இல்லாமல் ஓடியது.

இந்த எஞ்சின் பளுவோடு புல் வெட்டும்போது தோராயமாக மணிக்கு 4 முதல் 5 லிட்டர் குடிக்கும். நிமிடத்துக்கு 70, 80 மில்லி. பளு இல்லாமல் ஓடினால் அதில் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே சமாளித்துவிடும். 30 மில்லி தரும் பம்பை வைத்து வாசலில் நாள் முழுக்க ஓடலாம். புல்லுக்குள் போனால் கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் தீர்ந்ததும் பட்டினி. கேசரி சாப்பிட்ட அன்று நாங்கள் கேட்ட சீரான சத்தத்துக்குக் கணக்கு இதுதான்.

பம்பைக் குற்றம் சொல்லலாமா? அதற்கு முன் பம்ப் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். இதில் மோட்டார் கிடையாது. பிஸ்டன் உள்ளே வரும்போது கிராங்க்கேஸில் அழுத்தம், வெளியே போகும்போது வெற்றிடம். அந்தத் துடிப்பை ஒரு ரப்பர் குழாய் பம்புக்குக் கொண்டுவருகிறது. பம்புக்குள் ஒரு மெல்லிய ரப்பர் சவ்வு, இந்தத் துடிப்புக்கு ஏற்ப முன்னும் பின்னும் ஆடும். இரண்டு ஒருவழி வால்வுகள் பெட்ரோலை ஒரே பக்கம் தள்ளும். சவ்வு கிழிந்தாலும் பம்ப் தோற்கும், துடிப்பு வந்து சேராவிட்டாலும் தோற்கும்.

சவ்வு கிழிந்திருந்தால் துடிப்புக் குழாய் வழியாகப் பெட்ரோல் எஞ்சின் எண்ணெயில் இறங்கும். எண்ணெய்க் குச்சியை எடுத்து முகர்ந்தேன். பெட்ரோல் வாசனை இல்லை, அளவும் ஏறவில்லை. அப்படியானால் குழாய்.

கிராங்க்கேஸிலிருந்து கிளம்பும் அந்தக் குழாய் நான்கு அங்குல நீளம். சிலிண்டரின் சூட்டுக்குப் பக்கத்தில் ஒரு வளைவு. கையால் தடவினால் வெளிப்பக்கம் வழவழவென்று நன்றாக இருந்தது. கண்ணாடியை அடியில் பிடித்துப் பார்த்தபோது, வளைவின் உட்புறம் அரை அங்குலத்துக்கு ஒரு வெடிப்பு. குளிர்ந்திருக்கும்போது ரப்பர் விறைத்து, வெடிப்பு வாயை மூடிக்கொண்டிருக்கிறது. சூடாகித் தளர்ந்து, எஞ்சின் அதிர்வும் சேரும்போது வாய் திறக்கிறது. துடிப்பு பாதி வழியிலேயே வெளியே போய்விடுகிறது.

அதைச் சுற்றி எண்ணெய் கலந்த கறுப்பு அழுக்கு ஈரமாகப் படிந்திருக்க வேண்டும். இருந்தது. போன சனிக்கிழமையே இருந்தது. எவனோ எண்ணெய் ஊற்றும்போது சிந்தியிருக்கிறான் என்று நினைத்து, அதை நானே துணியால் துடைத்துச் சுத்தம் செய்திருந்தேன்.

முடித்த வேலைகள்

புதுத் துடிப்புக் குழாய், இரண்டு கிளாம்ப். கூடவே டேங்கிலிருந்து வரும் பெட்ரோல் குழாயையும் மாற்றினேன். அதுவும் அதே வயது. பம்பைத் தொடவில்லை. மறுபடி குடுவை வைத்துப் பார்த்ததில் சூடான எஞ்சினில் 115 மில்லி.

ஸ்டார்ட் செய்யும்போது ஸ்டார்ட்டர் ஒரு கணம் முக்கி நின்று, பிறகு சுற்றுவதைக் கவனித்திருந்தேன். பாட்டரி என்று நண்பர் நினைத்திருந்தார். இந்த எஞ்சின்களில் ஸ்டார்ட் ஆகும் வேகத்தில் மட்டும் வால்வைத் துளி தூக்கி அழுத்தத்தைக் குறைக்கும் ஏற்பாடு உண்டு. வால்வு இடைவெளி கூடிப்போனால் அந்தத் துளித் தூக்கலை இடைவெளியே விழுங்கிவிடும். எஞ்சின் ஆறியபின் வால்வு கவரைக் கழற்றி, பிஸ்டன் மேல் முனையைத் தாண்டி 6 மில்லிமீட்டர் இறங்கும் இடத்தில் நிறுத்தி, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை விட்டேன். இன்டேக்கில் 0.25 மில்லிமீட்டர். கையேட்டில் 0.08 முதல் 0.13. எக்ஸாஸ்ட்டும் கூடுதலாக இருந்தது, அதற்கு 0.13 முதல் 0.18. இரண்டையும் சரிசெய்தேன். ஸ்டார்ட்டர் முக்குவது நின்றது. பாட்டரி வாங்கும் செலவு மிச்சம்.

அப்புறம்தான் உண்மையான சோதனை. நண்பர் ஏறி உட்கார்ந்து மொத்தப் புல்லையும் வெட்டினார். இரண்டு வாரப் புல், சில இடங்களில் ஆறு அங்குலம். நான் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காதை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி இருபது நிமிடம். மேட்டில் ஏறும்போது எஞ்சின் ஒரு சுருதி இறங்கி, கவர்னர் த்ராட்டிலைத் திறந்ததும் உடனே பழைய இடத்துக்கு வந்து நின்றது. அவர் ஒருமுறைகூட சோக் பக்கம் கை கொண்டுபோகவில்லை. முடித்து அணைத்தபோது டாக்கோமீட்டர் 3,300.

எனக்கு இன்னும் ஒரே ஒரு மனக்குறை. முதல் நாளே ஏணியைக் கொண்டுவந்து டேங்கைத் தொங்கவிட்டிருந்தால், பிளேடு சுழலும்போது பம்பின் கதை அன்றே தெரிந்திருக்கும். ஆனால் அன்று பைலட் ஜெட்டும் அடைந்திருந்தது, மேனிஃபோல்டிலும் காற்று புகுந்துகொண்டிருந்தது; டேங்கைத் தொங்கவிட்டாலும் எஞ்சின் பாடிக்கொண்டுதான் இருந்திருக்கும், பம்ப் நன்றாக இருக்கிறது என்று தப்பாக முடிவுசெய்திருப்பேனோ என்னவோ. குடுவையில் அளந்திருந்தால் மட்டும் தப்பியிருக்காது.

மலிவு கார்புரேட்டர் நண்பர் வீட்டு அலமாரியில் பெட்டியோடு இருக்கிறது. திருப்பி அனுப்பும் தேதி தாண்டிவிட்டது. வெடித்த குழாய்த் துண்டு என் மேசையில். நேராக வைத்தால் ஒன்றும் தெரியாது. விரலால் வளைத்தால் வாயைத் திறக்கும். வீட்டுக்கு வரும் குழந்தைகள் அதை மீன் என்று சொல்லி விளையாடுகிறார்கள்.